இரு எழுத்தில் ஒரு பத்திரிகை

அந்தக் கணினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அரசினர் கல்லூரி ஒன்றில் கணிதத் துறைத் தலைவராக இருந்து முறைப்படி ஓய்வு பெற்றிருந்தேன். திருத்தணியில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் எனக்கு நாற்காலி போடாமல் பேச்சைத் தொடங்கியவர் இல்லை. என்னிடம் படித்தவர்கள் பலர் பெங்களூரில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றைச் சொன்னால் அது சரிதானா என்று வேறொருவரிடம் கேட்கும் வழக்கம் எங்கள் உறவில் அப்போது கிடையாது. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றைப் பலரும் பலவிதமாகப் பேசிவிட்டதால் இது அவசியமாகிறது.

ஆனால் நான் எழுத வந்தது பாவாவைப் பற்றி. என் அக்காவின் கணவர். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பும் நெல்லும் பயிரிட்டவர். பஞ்சாங்கம் பாராமல் அவர் ஒரு மூட்டையைக்கூட வண்டியில் ஏற்றியதில்லை. ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரியை, நேரம் சரியில்லை என்று களத்துமேட்டிலேயே நிறுத்திவைத்து, வந்த ஆட்களுக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியவர். நான் இவற்றில் நம்பிக்கை இல்லாதவன். அதை அவரும் அறிவார். ஆனாலும் ஒரு நாளும் ஒருவரையொருவர் குறைத்துப் பேசிக்கொண்டதில்லை.

அவருடைய இளைய மகளுக்கு நகரியில் மாப்பிள்ளை அமைந்தது. பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய ஊர்தான்; ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம். அவர்கள் கல்யாணப் பத்திரிகையைத் தெலுங்கில் அடிப்பார்கள், நாங்கள் தமிழில். இரு வீட்டிலுமே முதல் பத்திரிகையைத் திருத்தணி மலைமேல் சுவாமி பாதத்தில் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பது. இதில் எது முதல் பத்திரிகை? மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகைதான் முன்னால் போக வேண்டும் என்று சம்பந்தியின் அண்ணன் சொல்லியனுப்பினார். மலை எங்கள் ஊரில் இருக்கிறது என்று பாவாவின் பங்காளிகள் பதில் அனுப்பினார்கள். இரு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த பலகாரக் கூடைகள் நின்றுபோயின. மாசிக் கிருத்திகையன்று இரண்டு தரப்பும் தனித்தனியே மலையேறப்போவதாகப் பேச்சு வந்ததும், இந்தக் கல்யாணம் நடக்குமா என்று அக்கா அழத் தொடங்கினாள்.

இரு வீட்டாரும் கடைசியாகக் கூடிப் பேசிய அன்று நான்தான் எழுந்து, "பத்திரிகை ஒன்றே ஒன்று. பாதி தமிழ், பாதி தெலுங்கு. என் கணினியில் நானே அச்சிட்டுத் தருகிறேன்" என்று அறிவித்தேன். அப்போது அது சிறிய காரியம் அல்ல. திருத்தணியில் கணினி வைத்து அச்சுவேலை செய்தவர்களிடம் தெலுங்கு எழுத்து இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தூரில் இருந்தவர்களிடம் தமிழ் எழுத்து இல்லை. நகரிச் சம்பந்தி வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார்.

"மாஸ்டாரு, உங்க மிஷினுக்கு தெலுகு வருமா? இல்ல, நாங்க ட்யூஷன் வெக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாவா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மச்சான் சொன்னா சொன்னதுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய மகளின் கல்யாணம் என் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து குறுந்தகடுகளைத் தபாலில் அனுப்பினார். ஒன்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளம். நான் அதுவரை தொட்டுப் பார்த்திராதது. மற்றொன்றில் இரண்டு எழுத்துகளையும் ஒரே பக்கத்தில் கோத்து அச்சிடும் மென்பொருள். தை மாதத்தில்தான் அவர் அதைத் திருத்தி முடித்திருந்தார். அது சமைத்த சாப்பாடாக வரவில்லை, அரிசியும் பருப்புமாக வந்தது. அதன் மூல நிரலை நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் உண்ணும்படி சமைத்து, பிறகு நிறுவிக்கொள்ள வேண்டும். லினக்ஸை ஏற்றி முடித்தவுடன் கறுப்புத் திரையும் அதில் ஒரு வெள்ளைக் கோடும் மட்டும் தெரிந்தன. படம் இல்லை, சொடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. நான் ஒரு சொல்லைத் தட்டினால் அது ஒரு சொல்லில் பதில் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வயதில் ஒருவர் மறுபடியும் முதலாமாண்டு மாணவராக முடியும் என்று நான் நினைத்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்ட மனைவிக்கு ஏதோ ஒரு கட்டளையின் பெயரைப் பதிலாகச் சொன்னேனாம். அவள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

ஆனால் மென்பொருளைக் கம்பைல் செய்யத் தொடங்கிய கணமே அது நின்றது. புதிதாக உண்டாக்கிய கோப்பு, கொண்டுவந்த கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறது; கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கடிகாரத்தைப் பார்த்தேன். மணியும் நிமிடமும் என் கைக்கடிகாரத்தோடு அப்படியே பொருந்தின. கடிகாரம் என்றால் மணியைத்தான் யாரும் பார்ப்பார்கள். குறுந்தகட்டைத் துடைத்தேன், கோப்புகளை அழித்து மறுபடி ஏற்றினேன், மாணவரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றேன், அவர் ஊரில் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே வரி.

கிருத்திகைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலிலேயே சம்பந்தி வந்துவிட்டார். பத்திரிகையை அன்றே தம் அண்ணனிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்; ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர் படுப்பதற்குள் போய்ச் சேரலாம். பைக்குள் புத்தூரில் அடித்த தெலுங்குப் பத்திரிகையும் தயாராக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"மாஸ்டாரு, ஒங்க மிஷின் இன்னும் பல்லு தேய்க்கல போல?" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்.

பாவா என் பின்னால் வந்து நின்றார். "அது இன்னாதான் சொல்லுது மச்சான்? தமிழ்ல சொல்லு."

சொன்னேன். "நாம கொண்டுவந்த சாமானெல்லாம் இனிமே வரப்போற நாள்ல செஞ்ச மாதிரி இருக்காம். அதனால தொடமாட்டேங்குது."

பாவா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், கோச்சிக்காத. இந்த மிஷின பூட்ட வந்தாங்க இல்ல, அன்னிக்கி நீ ஊர்ல இல்ல, நான்தான் வீட்ல இருந்தேன். நாள் சரியா இல்ல. விஜயதசமிக்கே வந்திருக்க வேண்டியது, கார்த்திகை மாசத்துலதான வந்துச்சி? அதான், அந்தாளுகிட்ட சொல்லி, இதுக்குள்ள தேதிய விஜயதசமின்னு வெக்கச் சொன்னேன். வீட்டுக்கு மொத மொதல்ல வர்ற மிஷினு. நல்ல நாள்ல பொறந்ததா இருக்கட்டும்னு."

எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று நாளாக விடை தெரியாத கணக்கு ஒன்று ஒரே வரியில் விழுந்த மகிழ்ச்சிதான் வந்தது. இயந்திரம் புரட்டாசியிலிருந்து நாள்களை எண்ணிக்கொண்டிருந்தது; அதன் கணக்கில் இன்னும் மார்கழிதான். மென்பொருளோ தை மாதத்தில் எழுதியது. பிறக்காத நாளில் செய்த பண்டத்தை அது வாங்க மறுத்தது முற்றிலும் நியாயம். "பாவா, தேதிய மாத்தினா போதும்! இப்பவே ஓடும்!" என்று நான் கத்தியதில் சம்பந்தி எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டார்.

சம்பந்தி உள்ளே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாவாவிடம் திரும்பினார். மணி ஐந்து. "அய்யோ, ராகு காலம் சம்பந்தி! ஆறு மணி வரைக்கும் கை வெக்காதீங்க."

ஆறு மணிக்குத் தொடங்கினால் கம்பைல் ஆகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஏழு மணி பஸ் போய்விடும். சம்பந்தி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நல்ல நாளில் பிறந்த இயந்திரத்தின் நாளைக் கெட்ட நேரத்தில் மாற்றுவதா, விடிந்ததும் இரண்டு பத்திரிகைகள் மலைப்படியில் ஒன்றையொன்று முந்துவதா? நான் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினேன். பாவா தடுத்தார்.

"இரு. நான் வெச்சது. நான்தான் எடுக்கணும்."

எந்த எண்ணை எங்கே தட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, நாற்று நடுவதுபோல ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு. கடைசி விசையை அழுத்துமுன் கண்ணை மூடிக்கொண்டார். "முருகா, குத்தம் இருந்தா என் தலைல வை. கொழந்த தலைல வேணாம்."

அழுத்தினார். நான் கட்டளையைக் கொடுத்தேன். திரை நிற்கவில்லை! வரிமேல் வரியாக, கண் பின்தொடர முடியாத வேகத்தில் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. "அடேயப்பா! ஆடிக் கிருத்திகைக்குப் படியேறுற ஜனம் மாதிரி இல்ல ஏறிக்கினு போவுது!" என்று பாவா என் தோளை உலுக்கினார். சம்பந்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டார். நடுவே ஒரு வரி சற்றுத் தங்கினால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்; நகர்ந்தால் விட்டோம். எல்லாம் முடிந்து, நிறுவியாயிற்று என்று திரை சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். துறைத் தலைவர் கைதட்டலாமா என்று அப்போது தோன்றவில்லை.

முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த வாசகத்தை ஏற்றினேன். மேலே நடுவில் சுவாமி பெயர் இரண்டு எழுத்திலும். கீழே இடப்புறம் தெலுங்கு, வலப்புறம் தமிழ், இரண்டும் ஒரே உயரம். அச்சுப்பொறியிலிருந்து தாள் வெளியே வந்ததும் சம்பந்தி அதை இரு கைகளாலும் வாங்கி, தம் மகனின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "நம்ம பேரு தமிழ்லயும் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏழு மணி பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தார். மறுநாள் அவரும் அவருடைய அண்ணனும் பாவாவும் ஒரு தட்டை மூவருமாகப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

இன்று எவர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியும் தமிழையும் தெலுங்கையும் அருகருகே காட்டுகிறது. அதை யாரும் வியப்பதில்லை. பாவாவும் இப்போது இல்லை. அவர் போன பிறகு இந்தச் செய்தி உறவினர் வாயில் உருமாறிக்கொண்டே வருகிறது. பெங்களூர் மாணவர் தொலைபேசியில் வழிசொன்னார் என்கிறார்கள், சொல்லவில்லை. சென்ற வாரம் ஒரு வளைகாப்பில் பாவாவின் பங்காளி ஒருவர், ராகு காலம் கழியும்வரை பாவா காத்திருந்தார், அதனால்தான் அந்தப் பெண் இன்று நன்றாக வாழ்கிறாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

பாவா காத்திருக்கவில்லை. மணி ஐந்துக்கு, ராகு காலத்தில், தம் கையால் மாற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன்.