பந்திக்கு ஒரே படம், அவளுக்கு மூன்று

"...அது பந்தியில உக்காந்து சாப்பிடறவங்களுக்கு. நாலு டிவியிலயும் ஒரே தாலி தெரிஞ்சா அவங்களுக்குப் போதும். எனக்கு ஒண்ணுல பொண்ணு தெரியணும், ஒண்ணுல மாப்பிள்ளை தெரியணும், இன்னொண்ணுல ஐயர் தெரியணும். தனித்தனியா. புரியுதாங்க?" என்றாள் என் மனைவி.

புரிந்தது. ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் மைக் செட் வைத்திருப்பவன். திருவிழா, காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். சில வருடங்களாகக் கல்யாண மண்டபங்களில் டிவி வைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மேடையில் தாலி கட்டும் நேரத்தில் பாதிக் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் இலைக்கு முன்னால் இருக்கும். அவர்களும் பார்க்கட்டும் என்று வீடியோக்காரரிடமிருந்து ஒரு ஒயரை வாங்கி, ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் சொருகி, அதிலிருந்து நான்கு டிவிக்குப் பிரித்துக் கொடுப்பேன். இதையெல்லாம் யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பிடுங்கி, சொருகி, ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டது. ஒரு மண்டபத்தில் கை கழுவப் போன பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தம்பி, ரசமும் சூடா குடிச்சேன், தாலியும் சூடா பாத்தேன்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே அன்றைக்கு இன்னொரு டிவி கூட வைத்திருப்பேன்.

அதனால், தன் ஆபீஸ் லேப்டாப்போடு இன்னும் இரண்டு மானிட்டர் சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சிசிடிவி வேலைக்கு வாங்கிய மானிட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. தெரிந்த கடையில் இன்னொன்று எடுத்து வந்தேன். ஸ்ப்ளிட்டரை மாட்டினேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. இரண்டிலும் அச்சு அசலாக ஒரே படம். அப்போதுதான் அவள் மேலே சொன்னதைச் சொன்னாள்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளில் டாக்டர்கள் எழுதிய நோயாளிக் குறிப்புகள் அவளுக்கு வரும். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். டாக்டரின் குறிப்பு ஒரு பக்கம், எண்கள் உள்ள புத்தகம் ஒரு பக்கம், பதியும் படிவம் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். கம்பெனி கூரியரில் அனுப்பிய லேப்டாப்போ பரீட்சை எழுத வைக்கும் அட்டை கனம்தான் இருக்கும். அந்தச் சின்னத் திரையில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒரு நாள் யாரோ ஒரு நோயாளியின் இடது முழங்காலுக்கு வலது முழங்காலின் எண்ணைப் போட்டுவிட்டாள்.

மறுநாளே அவளுடைய டீம் லீடரான மேலதிகாரி அம்மா போன் செய்துவிட்டார். வீட்டில் மூன்று திரை வைக்க முடியுமானால் வையுங்கள், திங்கட்கிழமை சோதனை வைக்கிறேன், முடியாவிட்டால் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள் என்று. சென்னை என்றால் விடுதி. எங்கள் மகளுக்கு நான்கு வயது. என் மைக் செட்டும், என் அம்மாவின் குத்தகை நிலமும் இங்கே. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு அவளைப் படிக்க வைத்தவர்கள். அவள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான். மண்டபத்தில் எத்தனையோ மணப்பெண்களின் பட்டத்தை மைக்கில் நீட்டி முழக்கி வாசித்திருக்கிறேன். எங்கள் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நின்றதால் அவளுடைய பட்டத்தை வாசிக்க முடியாமல் போன குறை எனக்கு இன்னும் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் தஞ்சாவூருக்கு ரயிலேறினோம். பழைய கம்ப்யூட்டர்கள் விற்கும் கடை ஒன்றை ஓர் அம்மா நடத்துகிறார். லேப்டாப்பை வாங்கி, மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பது போல ஓரங்களைப் பார்த்தார்.

"ரெண்டு ஓட்டை இருக்கு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. இது சார்ஜுக்கு மட்டும். இதுலதான் படம் போகும். அதுவும் வெளியில ஒரே ஒரு திரைக்குத்தான். இந்த மாடலே அப்படி."

"நான் ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிச்சேனே" என்றேன்.

"நீங்க பிரிக்கல சார். நகல் எடுத்திருக்கீங்க."

மனைவி என்னைப் பார்க்காமல் கடையின் கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"எடை குறையணும்னு உள்ள இருக்கறதெல்லாம் குறைச்சிட்டாங்க" என்றார் கடைக்கார அம்மா. "ஒல்லியான ஆள் தலையில மூணு மூட்டையை ஏத்தினா நிப்பாரா? கூட ஒரு ஆள் போடணும்." இப்படிச் சொல்லிவிட்டுக் கைப்பிடி அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக் என்று அதற்குப் பெயர். அதற்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து இதற்கு ஒரே ஒயர். இரண்டு மானிட்டருக்கும் வேறு வேறு படத்தை இதுவே அனுப்பிவிடும். சார்ஜும் இதன் வழியாகவே ஏறும். "ஆனா சும்மா சொருகினா வராது. லேப்டாப்ல இதுக்கான ட்ரைவரை, அதான் இதை ஓட்டற சாஃப்ட்வேரை, ஏத்தணும். எல்லா டாக்கும் இந்த மாதிரி இல்ல, பாத்து வாங்கணும். சிப் இல்லாததை வாங்கிட்டுப் போய் என்னைத் திட்டறவங்க நிறைய பேர்."

நான் பர்ஸை எடுத்துவிட்டேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"எழுத்து மங்கலாத் தெரியுமா, மேடம்? நான் நாள் பூரா பொடி எழுத்து படிக்கணும். மவுஸை இழுத்தா ஒட்டிக்கிட்டு வருமா, பின்தங்கி வருமா? மழை நாள்ல கரண்ட் போய்ப் போய் வந்தா மானிட்டர் ரெண்டும் தானா திரும்பி வருமா?"

கடைக்கார அம்மா தன்னுடைய கம்ப்யூட்டரிலேயே டாக்கை மாட்டி ஒவ்வொன்றையும் காட்டினார். இவள் குனிந்து மூக்கு திரையில் படுகிற தூரத்தில் எழுத்தைப் பார்த்தாள். டாக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டச் சொன்னாள். கடைசியில் அந்த அம்மா என்னிடம், "சார், டாக்கை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டம்மாவை இங்க விட்டுட்டுப் போங்க. எனக்குக் கடையில ஆள் வேணும்" என்றார். ரயிலில் திரும்பும்போது அந்தப் பேச்சை எனக்குள் பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை டாக்கைச் சொருகினோம். மானிட்டர் இரண்டும் கறுப்பு. ட்ரைவரை ஏற்றப் போனால், இது கம்பெனி லேப்டாப், நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

"நாகப்பட்டினத்துல நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். எந்தப் பூட்டையும் திறப்பான்" என்றேன்.

"பூட்டு நம்மளது இல்லங்க. அதை உடைச்சுட்டு வேலையைக் காப்பாத்தி என்ன செய்யறது?" என்று சொல்லிவிட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கேட்டது. அவள் மாடல் பேரைச் சொன்னதுமே, மீதியைக் கேட்காமல், "மேடம், அந்த மாடலுக்கு வெளியில ஒரு மானிட்டர்தான் சப்போர்ட். நீங்க ஆபீஸ் வந்துடறது பெட்டர்" என்றது.

நான் ஒயர்களைக் கையில் பிடித்தபடி நின்றேன். போச்சு என்றுதான் நினைத்தேன்.

"லேப்டாப் அனுப்பற படத்துக்குத்தான் சார் அந்தக் கணக்கு" என்றாள் அவள். "இந்த டாக் அதை நம்பி இல்ல. இதுக்குள்ளயே தனி சிப் இருக்கு. ரெண்டு படத்தையும் அதுதான் அனுப்பும். வலது பக்கத்து போர்ட்லதான் சொருகியிருக்கேன், சார்ஜ் போர்ட்ல இல்ல. டாக் மாடலு, ட்ரைவர் பேரு, அடியில ஒட்டியிருக்கற லேபிள் போட்டோ எல்லாம் மெயில்ல அனுப்பிட்டேன். டீம் லீடர் அனுமதியும் அதுலயே இருக்கு. நீங்க பாத்துட்டு ட்ரைவரை மட்டும் ஏத்திக் குடுங்க. சரி வரலைன்னா நானே பொட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன்."

அந்தப் பக்கம் மெயிலைத் தேடிக் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மெயிலை எப்போது எழுதினாள், போட்டோ எப்போது எடுத்தாள், எனக்குத் தெரியாது; பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முந்தின சாயங்காலம் நான் மானிட்டருக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது, சாதம் கொதிக்கிற நேரத்தில் எழுதியிருக்கிறாள். முப்பது குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரே கேட்கப் பேசியவர்களுக்கெல்லாம் மைக் பிடித்திருக்கிறேன். மைக் இல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒரு ஆளை இவ்வளவு தெளிவாக உட்கார வைத்த பேச்சை நான் கேட்டதில்லை.

"ஓகே மேடம். லைன்லயே இருங்க. நான் இங்கேருந்து உள்ள வரேன்" என்றார் அவர்.

திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. "அம்மா, பேய் வந்துடுச்சு!" என்று மகள் கத்தினாள். "இது நல்ல பேய்டி, சும்மா இரு" என்றாள் இவள். ஸ்பீக்கரில் அந்த மனிதர் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு மானிட்டர் கண்ணைச் சிமிட்டியது. பிறகு இன்னொன்று. மூன்று திரையும் தனித்தனியாக விழித்துக்கொண்டன.

ஒரே ஒரு கோளாறு. மவுஸை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் அம்பு இடது மானிட்டரில் போய் முளைத்தது. நான் உடனே மானிட்டரைத் தூக்கி இடம் மாற்றப் போனேன். மண்டபத்தில் எல்லாவற்றையும் தூக்கித்தானே பழக்கம்.

"தூக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள். செட்டிங்ஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட கட்டங்கள் இருந்தன. மூன்றை இழுத்து ஒன்றுக்கு அந்தப் பக்கம் விட்டாள். அம்பு ஒழுங்காக ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு நடந்து போனது.

திங்கட்கிழமை சோதனை. நானும் என் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வயலுக்குப் போகாமல் இருந்தது அபூர்வம். "இந்தப் பொட்டிங்க வேலை செய்யுமாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். "பொட்டிங்களுக்கு இல்லம்மா சோதனை, அவளுக்கு" என்றேன். "அப்பன்னா எனக்கு பயமில்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். நான்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

மதியம் தாண்டி, அறைக்குள்ளிருந்து மேலதிகாரி அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "எல்லாம் செக் பண்ணிட்டேன். ஒரு தப்புகூட இல்ல. நீங்க சென்னைக்கு வர வேண்டாம்மா. அங்கேருந்தே பாருங்க. அடுத்த செட் அனுப்பிட்டேன்."

அதற்குப் பிறகு நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரியும். வாசலில் போய் நின்று எதிர் வீட்டு அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டேன். அம்மாவையும் சேர்த்துக்கொண்டு அறைக்குள் போய், மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருக்கும் குரலை எடுத்தேன். "பாருங்க அண்ணே! ஒரே லேப்டாப்பு. மூணு படம். மூணும் வேற வேற. இவங்க எம் பொண்டாட்டி, பி.எஸ்சி.!"

அண்ணன் வாயைத் திறந்தபடி நடுத்திரையை எட்டிப் பார்த்தார். அம்மா மருமகளின் தலையைத் தடவினார்.

அவள் சட்டென்று எழுந்து, மூன்று திரைக்கும் முன்னால் கையை விரித்து நின்றாள். "ஐயோ, நோயாளிங்க பேரெல்லாம் தெரியுதுங்க! யாரும் பாக்கக் கூடாது. அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அத்தே, நீங்களும் போங்க." என்னைத்தான் கடைசியாகத் தள்ளினாள். தள்ளிய கை என் சட்டையை ஒரு நொடி இறுக்கிப் பிடித்த பிறகுதான் விட்டது. பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.