பஷீருதீனுக்குக் கிடைத்த ஷீல்டு

செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தார் பஷீருதீன். மகாபலிபுரம் கடற்கரையில் சினிமா ஷூட்டிங் என்றால் அந்தக் கடை பூட்டியிருக்கும். கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு சதாசிவம் சொல்லி அனுப்பினால் போதும், பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். மீனவர், சாமியார், பாடை தூக்குகிறவர் என்று எந்த வேஷத்துக்கும் நிற்பார். படம் வந்ததும் மனைவி சைதூனையும் மகள் உம்மு சல்மாவையும் கூட்டிப்போய்த் திரையில் தன் முதுகைக் காட்டுவார்.

1971-ல் ஒரு டைரக்டர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்தார். கோயில் வாசலில் பிச்சையெடுக்கும் தொழுநோயாளி வேஷம். சோறு போட வருகிறவன் தான் பெற்ற மகன் என்று தெரிந்தும், வாய் திறக்காமல் கைகளைத் துணிக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும். பஷீருதீன் திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். அங்கே வைத்தியத்தில் இருந்த சடையப்பனோடு உட்கார்ந்து, அவர் டம்ளர் பிடிப்பதையும் பீடி பற்றவைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப் பாத்து நடிக்கப் போறியா? நடி. ஆனா ஜனங்க சிரிக்கிறாப்புல பண்ணிடாத” என்றார் சடையப்பன்.

படம் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை, அழுதார்கள். மறுவருஷம் சென்னையில் ஒரு ரசிகர் சங்கம் நடத்திய விருது விழாவில் பஷீருதீனைச் சிறந்த துணை நடிகராக அறிவித்தார்கள். தானே தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். சிறந்த நடிகரும் நடிகையும் பாடகியும் காரில் வந்திறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஓரத்து நாற்காலி. பெயர் சொன்னதும் மேடையேறினார். ஷீல்டு கொடுத்த பெரிய மனிதர் கை குலுக்கும்முன் ஒரு கணம் இவர் விரல்களைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிறந்த நடிகை மைக்கில், “பயப்படாதீங்க சார், அது மேக்கப்!” என்றார். அரங்கமே சிரித்தது. பஷீருதீனும் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். அன்றைக்கு அவருக்கு விழுந்த கைதட்டல் சிறந்த நடிகருக்குக்கூட விழவில்லை.

படம் செங்கல்பட்டுக்கு வந்தபோது முதலில் மாலை போட்டார்கள். பிறகு பேச்சு கிளம்பியது. “திருமணிக்கு எதுக்கு அடிக்கடி போய்கினு இருந்தாரு? வியாதி இல்லாதவனுக்கு இப்படி நடிக்க வருமா?” டீக்கடையில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக வந்தது. துணி கொடுத்த பெண்கள் தைக்காமலேயே திரும்பி வாங்கிப் போனார்கள். “எல்லாம் மெழுகும்மா, வேஷம்மா” என்று ஒவ்வொருத்தியிடமும் கையை நீட்டிக் காட்டினார். அவர்கள் பின்வாங்கினார்கள்.

உம்மு சல்மாவுக்கு மதுராந்தகத்தில் நிச்சயமாகியிருந்த சம்பந்தமும் முறிந்தது. “பையனுக்கு ஒண்ணும் இல்ல பாய். வூட்டுப் பொம்பளைங்கதான் பயப்படுறாங்க” என்றார் மாப்பிள்ளையின் மாமா, வாசலிலேயே நின்றபடி.

பஷீருதீன் சதாசிவத்தைத் தேடிப் போனார். “கும்பல்லயாவது நிக்க வையி” என்று கெஞ்சினார்.

“அவார்டு வாங்கின ஆள எப்டி அண்ணாத்த கும்பல்ல நிக்க வைக்கிறது?”

“அப்ப வேற வேஷம் இன்னாவாவது கேட்டுப் பாரேன்.”

சதாசிவம் தரையைப் பார்த்தார். “கேட்டேன். உன் மூஞ்சியப் பாத்தாலே அந்த வியாதிதான் ஞாபகத்துக்கு வருதாம்.”

குடும்பம் செய்யூர்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தியேட்டர் கிடையாது. ஷீல்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அப்பாவும் மகளும் தைத்தார்கள், துணி வந்தது. சைதூன் மறுபடியும் மாப்பிள்ளை விசாரிக்கத் தொடங்கினார்.

அடுத்த கோடையில் டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் போட்டது. ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்ததும் பஷீருதீன் அதன் முதலாளி ராஜேந்திரனிடம் ஓடினார்.

“தம்பி, இந்தப் படம் மட்டும் வேணாம். வேற எத வேணா ஓட்டுங்க.”

ராஜேந்திரன் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “பாய், நீங்களா! இந்த ஊர்லயா கீறீங்க? இன்னா நடிப்பு! எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா?”

“எனக்குப் பொண்ணு ஒண்ணு கீது, தம்பி...”

“கூட்டியாங்க. எல்லாருக்கும் ஃப்ரீ பாஸ்!”

அன்று சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய மாட்டுவண்டி தெருத் தெருவாகப் போனது. விருது பெற்ற நடிகர் பஷீருதீன் இதே ஊரில்தான் வசிக்கிறார் என்று அது வீட்டு அடையாளத்தோடு அறிவித்தது. உம்மு சல்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“இனி எங்க போறது, அத்தா?”

அவர்கள் எங்கும் போகவில்லை. படம் ஓடிய பிறகு இங்கேயும் துணி வருவது நின்றதும் பஷீருதீன் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். உப்பு கைகளை வெடிக்க வைத்தது. “பாத்தியா, சொன்னேன்ல” என்றது ஊர்.

1978-ல் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு காய்ச்சலில் இறந்துபோனார். அவர் உடலைக் குளிப்பாட்ட வந்த இரண்டு பேரும் வாசலோடு நின்றார்கள். சைதூன் குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தானே கணவரைக் குளிப்பாட்டினார்.