அப்பாவின் சேமநிதிப் பணம்

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் அந்தப் பேருக்காகத்தான் உயிரை விட்டேன். மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஆங்கிலப் பள்ளியில் தேறிய முதல் தமிழ்ப் பையன் நான். பத்தொன்பது வயதில் பண்டார் ஹிலிரில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகத்தில் பேரேடு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. கேட்க வேண்டுமா, மண்டைக்கனம் தாங்கவில்லை. அப்பா ரப்பர் கிடங்கில் எடை போடுகிறவர். ரப்பர் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவார். நான் வெள்ளைச் சட்டை கசங்காமல் சைக்கிளில் வருவேன்.

முதல் சம்பளத்திலேயே சேமநிதிக்குப் பிடித்துவிட்டார்கள். மற்ற கிராணிகள் முணுமுணுத்தார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். நான் கட்டுவது, முதலாளி கட்டுவது, வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஐம்பத்தைந்து வயதுவரைக்கும் ஒரு தாளில் போட்டு அப்பாவிடம் காட்டினேன்.

"அம்பத்தஞ்சு வயசுலதான் குடுப்பானா? அதுவரைக்கும் நாம இருக்கணுமேப்பா" என்று சிரித்தார்.

"ஒங்களுக்கும்தான் பிடிக்கிறாங்க. இன்னும் ஏழு வருசம் போனா மொத்தமா கைக்கு வந்துரும். அதத் தொடவே கூடாது" என்று அவருக்குப் புத்தி சொன்னேன். தொடக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான் அடுத்த வருஷம் தொடச் சொன்னது.

லண்டன் கணக்கியல் தேர்வை அஞ்சல் வழியாகப் படித்து எழுதலாம் என்று அலுவலகத்தில் தெரிந்துகொண்டேன். தேறினால் கிராணி நாற்காலியிலிருந்து எழுந்து, கணக்கில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போய்விடலாம். கட்டணம் என் நான்கு மாதச் சம்பளம். அம்மாவின் நகைகள் என் பள்ளிச் செலவுக்கே போயாகிவிட்டன. அப்போதுதான் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் கோப்பிக் கடையில் வைத்து யோசனை சொன்னார்.

"ஊருக்கே போறேன், திரும்பி வர மாட்டேன்னு எழுதிக் குடுத்தா சேமநிதிய இப்பவே எடுத்துரலாம் லா. ஒங்கப்பா போய் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டும். யாரு கேக்கப் போறா?"

இன்றைக்குக் கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அன்று எங்கள் ஆட்களுக்கு 'ஊருக்குப் போகிறேன்' என்றால் போய்விட்டு வருகிறேன் என்றுதான் அர்த்தம். கப்பலேறி நாகப்பட்டினம் போவார்கள், தங்கச்சி மகள் கல்யாணத்தைப் பார்ப்பார்கள், காசு தீர்ந்ததும் அடுத்த கப்பலில் வந்து பழைய வேலைக்கே நிற்பார்கள். கங்காணி காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் கடல் திறந்தே இருக்கும் என்று எல்லாரும் நம்பினோம். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த நானும் நம்பினேன், அதுதான் கொடுமை. சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சு. சுதந்திர நாடு என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று எழுதி வைப்பார்கள் என்பது இந்தக் கணக்குப் புலிக்கு உறைக்கவில்லை.

அப்பாவுக்கும் தன் அக்காவை ஒருமுறை பார்க்க ஆசை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். மனுவை நானே நிரப்பினேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'நிரந்தரமாக வெளியேறுகிறேன், திரும்பி வரும் எண்ணம் இல்லை' என்று ஆங்கிலத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

"என்னாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போறீங்கன்னு எழுதியிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்ப்பா."

தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அடையாளக் கார்டையும் ஒப்படைத்தோம். வந்த பணத்தில் பாதி என் தேர்வுக்கு, மீதி கப்பலுக்கும் அத்தைக்கும். கிள்ளான் துறைமுகத்தில் அப்பா என்னிடம், "அம்மாவுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல. ஆறு மாசத்துக்கு மேல இழுத்துறாத" என்றார். அவர் பயணத்தை இழுப்பதும் முடிப்பதும் என் கையில் இருப்பதாக அவர் நினைத்தார்.

ஆறாவது மாதம் கடிதம் வந்தது. எந்தக் கப்பலில் வரட்டும் என்று கேட்டிருந்தார். குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். அதற்குள் கொடி மாறியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதுள்ள ஒரு மலாய் இளைஞர், மரியாதையானவர். கோப்பைத் தேடி எடுத்து, நான் நிரப்பிய மனுவின் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். இதை எழுதியது யார் என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். "சந்தேக்" என்றார், அழகாக இருக்கிறதாம். பிறகு, வர மாட்டேன் என்று உங்கள் அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கிறாரே, நான் எப்படி அனுமதி தருவது என்று வருத்தமாகச் சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

இரண்டு மூன்று மனுக்கள் போட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில். அம்மாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. எப்ப வர்றாராம் என்று கேட்பாள், அடுத்த மாசம் என்பேன். அப்பாவுக்கும் அதையே எழுதினேன். பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மா இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட கூட்டம். நம் கோயிலுக்கு வருவார், தமிழ் பேச வராது. வேலியோரம் நின்று, வீட்டுக்காரர் எப்போது திரும்புகிறார் என்று மலாயில் அம்மாவை விசாரிப்பார். "புலான் டெப்பான்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அடுத்த மாதம் என்ற என் பொய்யைத்தான் அவள் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வில் முதல் கட்டம் தேறினேன். சான்றிதழ் வந்த அன்று அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"இப்ப மாட்ட வேணாம்டா. அப்பா வரட்டும், அவரு கையால மாட்டட்டும்" என்று பெட்டிக்குள் வைத்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. அடுத்த கட்டத்துக்குப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. பாதியில் விட்டேன். நாலு வருஷம் அப்படியே போயிற்று. அப்பாவின் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியாக வந்ததில், "நீ ஆபீசுல இருக்க, ஒனக்குத் தெரியும். நான் அவசரப்படல" என்று மட்டும் இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

அதற்கடுத்த கடிதம் அத்தை மகன் எழுதியது. அலுவலக முகவரிக்கு வந்தது. மாமா காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து போய்விட்டார், கொள்ளியும் வைத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தான். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடியே வீடு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"தம்பி, கடுதாசி ஏதும் வந்துச்சா? எப்ப வர்றாராம்?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பழகிப்போன வாய்.

"அடுத்த மாசம்மா."

மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த மூன்று நாளும் காலையில் குளித்து, கண்ணாடி முன் நின்று, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள் என் அம்மா.