ஆடு மேய்ந்த ஊரும் அப்பாவின் ஊரும்

மிஸிஸ் பார்ட்டனின் கதவு திறந்தாலே பூச்சி உருண்டையும் பால் தேத்தண்ணியும் கலந்த ஒரு மணம் வரும். தொண்ணூறுகளில், நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில், எங்கள் அப்பார்ட்மென்டின் எதிர்க்கதவு அவருடையது. இங்கிலாந்தில் பிறந்து, தனியாக வாழ்ந்த கிழவி. ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா பலகாரம் அனுப்ப, பதிலுக்கு அப்பாவையும் என்னையும் தேநீருக்கு அழைத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் இங்கிலீஷுக்கு நான்தான் வாய்.

அவர் தான் பிறந்த பங்கின், தேவாலயத்தைச் சுற்றிய ஊரின், படங்களைக் காட்டினார். வெளி நடுவே ஒரு கல் கோயில், தூரத்தில் மூன்று நாலு வீடுகள், மற்றதெல்லாம் புல். புல்லுக்குள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்த இடங்களைத் தொட்டு, இது தெரு, இது கிணறு, இங்கேதான் முந்தி வீடுகள் இருந்தன என்றார். அப்பா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எந்த ஆமி வந்தது எண்டு கேள் பிள்ளை."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இங்கிலாந்தில் இராணுவம் வந்து ஊரைக் கலைக்குமா! படம் வடிவாக இருக்கிறதாம் என்று இங்கிலீஷில் சமாளித்தேன். கிழவி தானாகவே தொடர்ந்தார். பழங்காலத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரனான பிரபு, செம்மறி வளர்த்தால் லாபம் என்று கண்டு, சனத்தை வெளியேற்றி வீடுகளை இடித்தானாம். அதை மட்டும் அப்பாவுக்கு ஒழுங்காகச் சொன்னேன்.

"பாத்தியே, கலைச்சுத்தான் இருக்கினம்," என்றார் அப்பா. "அந்தச் சனம் எங்க போனதாம்?"

அது ஒருவருக்கும் தெரியாது என்றார் கிழவி. அப்பா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கிலீஷில் தானே தொடங்கினார். "மை வில்லேஜ் ஆல்சோ. சேர்ச் ஒன்லி. பீப்பிள் நோ."

கிழவி கோப்பையைக் கீழே வைத்து, முழுவதையும் சொல்லச் சொன்னார். அப்பா தமிழுக்கு மாறி, தீவுப் பகுதியில் இருந்த தன் பங்கின் கதையை, கோயிலுக்குக் கல் வந்ததிலிருந்து சனம் வள்ளமேறித் தப்பியது வரை, சொல்லிக்கொண்டே போனார். வெள்ளைக்காரிக்கு முன்னால் அழுதுவிடப்போகிறாரே என்ற வெட்கத்தில் நான் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒன்றும் காதில் ஏறவில்லை. அவர் நிறுத்தியதும், நல்ல ஊராம், சண்டையால் வந்துவிட்டார்களாம் என்று ஒரே வசனத்தில் முடித்தேன்.

"எல்லாம் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அப்பா."

அவர் திருப்தியாகத் தேத்தண்ணியைக் குடித்தார். சொல்லியாயிற்று என்று நினைத்திருப்பார். அந்தக் கதையைப் பிறகு அவர் எடுக்கவேயில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, கிழவியும் இல்லை. நான் அஜக்ஸ் நகரில் இருக்கிறேன். கண்ணால் காணாத அந்த இங்கிலாந்துப் பங்கில் தெரு எங்கே வளைந்தது, கிணறு எந்தப் பக்கம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். போன மாதம் என் மகள், தாத்தாவின் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்ல ஊர் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.