கேட்டில் ஊதச் சொன்னவர்

கன்னட எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் கேட் செக்யூரிட்டி ஒருவர் இருந்தார். பூனைக்கண், நரைத்த மீசை. ஷிஃப்ட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, மூக்கை முகத்தருகே கொண்டுவந்து "ஊது" என்பார். ஒருநாள் நான் குடித்திருக்கிறேன் என்று திருப்பி அனுப்பினார். குடித்துத்தான் இருந்தேன். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், "நம்மளை ஊதச் சொல்லிட்டு இந்தாளு திருட்டுத்தனமா குடிச்சிருக்கான்டா" என்று கிளப்பிவிட்டேன். கேன்டீனே சிரித்தது.

ஒரு காலை, லீவில் இருந்தவர் கேட்டுக்கு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். வரிசையில் நின்ற என்னிடம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை நீட்டினார்.

"இங்கிலீசுல இருக்குது. தமிழ்ல சொல்லுப்பா, எல்லாருக்கும் கேக்கணும்."

நோய் இரண்டு நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று போட்டிருந்தது. அந்த வரியிலேயே விரலை வைத்து நின்றேன்.

"அதை டாக்டரே சொல்லிட்டாரு. கீழ பாரு."

குடிப்பழக்கம் கிடையாது, மஞ்சள் காமாலைக் கிருமியால் வந்தது என்று சொன்னேன்.

"சத்தமா சொல்லுப்பா. எம் பொண்டாட்டியே என்னை ஊதச் சொல்றா."

மறுபடி சொன்னேன். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "கன்னடத்துலயும் சொல்லிடு. அத்திப்பள்ளி பசங்க நிக்கறாங்க" என்றார்.

தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வரிசையில் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். என்னிடம் ஏன் நீட்டினார்? கிளப்பியவன் நான்தான் என்று தெரிந்தா? தெரிந்திருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம்.