எந்த நாடு என்று கேட்காமல் வந்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். எட்டாவது வரை படித்தவள் கம்ப்யூட்டர் விஷயம் எழுதினால் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். மகளின் பிழைப்புக்கு இடைஞ்சல் வருமோ என்று இன்னொரு பயம். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். போன மாதம் பெரக்கரை நாட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், "உங்க புள்ள ஏதோ தப்புப் பண்ணித்தான் வேலைய உட்டுச்சாமே" என்று பக்கத்து இலைக்காரி கேட்டாள். பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். ஈஸ்வரன் சாட்சியாக எழுதிவிடுகிறேன்.

மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ப்ரோகிராம் எழுதினாள். டெண்டரெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிய சமயம். டெண்டர் போடுகிறவர்கள் பேனாக் கையெழுத்துக்குப் பதிலாக டிஜிட்டல் சர்டிபிகேட் வைத்து அனுப்புவார்கள். அது இன்னும் செல்லுமா, ரத்தாகிவிட்டதா என்று, கொடுத்த இடத்தையே இன்டர்நெட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எந்த சர்டிபிகேட் என்று அடையாளம் சொல்ல வேண்டுமே, அந்த அடையாளத்தைச் செய்து கொடுக்கும் பகுதிதான் என் மகள் எழுதியது. ஃபங்ஷன் என்பார்களாம். சர்டிபிகேட்டின் நம்பர் மட்டும் போதாது, கொடுத்தது யார் என்பதும் சேர வேண்டும். கொடுக்கும் இடங்கள் பல, ஒவ்வொன்றும் தன் போக்கில் நம்பர் போடும், ஒரே நம்பர் இரண்டு இடத்தில் வரலாம் என்று மிளகு காயப் போடும்போது சொன்னாள். எனக்கு உடனே விளங்கியது. எங்கள் மலையில் பாதிப் பெண்களுக்கு அம்மன் பேர்தான், என் மகளுக்கும். எந்த நாடு, எந்த ஊர், யார் மகள் என்று கேட்டுத்தான் ஆளைச் சொல்லுவோம்.

அவள் மேலதிகாரிக்கு விளங்கவில்லை. ஒருமுறை வந்த பதிலைச் சேர்த்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுத்தால் வேகம் கூடும் என்றார். அது சரி. ஆனால் சேர்த்து வைக்கும்போது கொடுத்தவரை விட்டுவிட்டு நம்பரை மட்டும் வைக்கச் சொன்னார். இவள் கூடாது என்றிருக்கிறாள். மலைச்சாதிச் சலுகையில் சீட்டு வாங்கிப் படித்தவள் தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று எல்லார் நடுவிலும் சொல்லி, அவரே மாற்றிவிட்டார். 

கீழ்நாட்டில், அதாவது மலைக்குக் கீழே சமவெளியில், ஒரு கூட்டுறவுச் சங்கம் டெண்டர் போட்டது. அவர்கள் சர்டிபிகேட்டில் ஒரு குறையும் இல்லை. வேறோர் இடம் கொடுத்து ரத்தான இன்னொன்றுக்கும் அதே நம்பர். ப்ரோகிராம் சேர்த்து வைத்திருந்த அந்தப் பதிலை எடுத்து, இவர்களுடையது ரத்து என்று தள்ளிவிட்டது. நேரம் முடிந்து டெண்டர் போயிற்று. சங்கம் சண்டைக்கு வந்ததும், தப்பு தன்னுடையது என்று என் மகளையே எழுதித் தரச் சொன்னது கம்பெனி. எழுதினால் வேலை இருக்கும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரமே கையெழுத்து வாங்க மேலதிகாரி காரில் வந்தார். காலையில் மலையேறி, சோளக்காடு என்ற ஊரில் இறங்கி, அவள் பேரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். யாரோ திண்ணனூர் நாட்டுக்குக் கை காட்டிவிட்டார்கள். அங்கே காரைப் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்துபோய், காத்திருந்து, கடைசியில் அரிவாளோடு வந்து நின்றது அதே பேருள்ள, பல் போன ஒரு அம்மாவாம்.

பொழுது சாயும்போது எங்கள் வாசலுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "என்னம்மா ஊர் இது? பேர் சொன்னா வேற வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றார்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். "எந்த நாடுன்னு கேட்டீங்களா சார்?"

"பேர் போதாதா?"

"உங்களுக்குப் போதுமுங்க சார். அதனாலதான் அந்தச் சங்கத்துக்காரங்க டெண்டர் போச்சு."

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சாமி கும்பிடுகிற குடும்பம், பெண்ணின் எதிர்காலம் என்று இதமாகப் பேசினார். அனுபவச் சான்றிதழ் கிடைக்காது, வேறெங்கும் சேர முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஆடிப்போனார். "போட்டுடு கண்ணு, ஒரு கையெழுத்துதானே" என்றார்.

நான் நடுவில் வந்து நின்றேன். "சாமி கும்பிடறதாலதானுங்க சொல்றேன். பண்ணாத தப்பப் பண்ணுனேன்னு எழுதிக் குடுத்துட்டு, எம்மவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவா? நீங்க கெளம்புங்க."

அவள் போடவில்லை. வேலை போயிற்று. சொன்னபடியே சான்றிதழும் தரவில்லை. வேறு வேலை கிடைக்க வெகுகாலம் ஆனது. அதுவரை எங்களோடு மிளகு பறித்தாள். அந்த மேலதிகாரி இன்னும் பெரிய இடத்தில் இருப்பதாகக் கேள்வி. விளக்கேற்றும்போது எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டுகிறேன். அவர் முகம் வந்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தித் திரியைத் தூண்டிவிடுகிறேன். ஈஸ்வரன் மன்னித்தால் மன்னிக்கட்டும். நான் மன்னிக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அவளைப் பெரிய மேதையாக்க வேண்டாம், அவரை அரக்கனாக்கவும் வேண்டாம். அவள் தப்புச் செய்யவில்லை, செய்ததாக எழுதிக் கொடுக்கவும் இல்லை. கூட்டாமல் குறைக்காமல் அதை அப்படியே சொல்லுங்கள்.