மாத்திரையின் நாலெல்லை

பேட்டண்டுப் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கக் கூடாது. இது தெரிய எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிப்பதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். அப்போது செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருமல் மருந்தும் வலித் தைலமும் செய்யும் சிறிய கம்பெனியில் கெமிஸ்டு வேலை. அதன் முதலாளி பாய்க்கு ஒரே யோசனை: காசநோய்க்குப் புதிதாக வந்திருந்த ஐசோனியாசிட் மாத்திரையை நாமே செய்ய வேண்டும். அது வேறொருவர் பதிந்துவைத்த பேட்டண்டு உரிமைக்குள் விழுந்தால் கோர்ட்டு நோட்டீஸ் வரும், கம்பெனிக்குப் பூட்டு விழும். விழாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அடுப்பு மூட்டுவார்.

ஆகவே ரயிலேறிச் சென்னைக்குப் போய், நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, ஈரச் சட்டையோடு ஒவ்வொரு பத்திரத்தையும் முழுதாக நகலெடுத்தேன். தாரிலிருந்து எடுக்கும் ஒரு திரவத்தை அமிலமாக்க வேண்டும். அமிலத்தை எஸ்டராக்க வேண்டும். எஸ்டரோடு ஹைட்ரசீன் சேர்த்தால் மருந்துத் தூள். சொன்னால் இவ்வளவுதான். பத்திரமோ, “தகுந்த கரைப்பானில், தகுந்த வெப்பத்தில்” என்று ஊரையே வளைத்துக்கொண்டு பேசும். கை வீங்கியதுதான் மிச்சம். எது யாருக்குச் சொந்தம் என்பது கடைசிப் பக்கத்து உரிமைக் கோரிக்கைகளில்தான் இருக்கிறது என்று பிறகே புரிந்தது. நடுவிலுள்ள உதாரணங்களிலும், எடையும் உருகுநிலையும் போட்டவைதான் பெரும்பாலும் செய்து பார்த்தவை. “இவ்வாறே” என்று தொடங்குபவை, செய்யாமலே வேலிக்கு நட்ட முள்.

சனிக்கிழமை பாய் கூப்பிடுவார்.

“இன்னா தம்பி, ஆச்சா?”

“இன்னும் ரெண்டு பாக்கி கீது பாய்.”

“போன வாரமும் ரெண்டுதான் பாக்கின்னே. உன் பேட்டண்டு குட்டி போடுதா?”

அந்த இரண்டைப் படித்தால் அவை வேறு மூன்றைக் காட்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவற்றில் ஒன்று ஒரு பழைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தது. ஜெர்மன் தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் வரிவரியாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எங்கோ இரண்டு மாணவர்கள், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பட்டத்துக்காக இதே பொருளைச் செய்திருக்கிறார்கள். மருந்தென்று தெரியாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்பே அச்சில் வந்துவிட்ட பொருளுக்கு இனி யாரும் உரிமை கோர முடியாது. சந்தோஷப்படத் தெம்பில்லை. திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன்.

பாயிடம் நிலப் பத்திரம் போலவே சொன்னேன். “மாத்திரை பொறம்போக்கு பாய், யாருக்கும் சொந்தமில்ல. கடைசிப் படியும் பழைய கட்டுரையிலயே கீது. அமிலம் செய்யிற வழிக்குத்தான் நாலு பக்கமும் வேலி.”

“அப்ப உள்ள எப்பிடிப் போறது?”

“வேலி போட்டவங்ககிட்டயே அமிலத்த வாங்கிடலாம். மீதிய நாம செய்யலாம்.”

பாய் பேனாவை எடுத்து நீட்டினார். “முழுச் சோறு ஆக்கலாம்னு பாத்தேன். தாளிக்கிற வேலதான் நமக்கு. செரி, போடு கையெழுத்த.”

பேனாவைப் பிடித்தபின்னும் ஒருமுறை எல்லாக் கோரிக்கைகளையும் பார்த்தேன். பிறகு போட்டேன். அமிலம் தருவிக்க இறக்குமதி லைசென்சுக்கு எழுதும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

அன்றைக்கே எங்கள் ஊரான சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். கால்வாய்ப் படகில் சவுக்குக்கட்டை ஏற்றிவிட்டு வந்து அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் புத்தகமும் கையுமாகத் திரிந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்.

“இவ்ளோ நாளா படிச்சிகினே கீறியே, பாஸா, பெயிலா?”

“கையெழுத்துப் போட்டுட்டேன் நைனா.”

கைநாட்டு வைக்கிற மனிதர் அவர். நிமிர்ந்து பார்த்தார்.

“உன்னக் கேட்டு வாங்குனாங்களா?”

“ஆமா.”

“அப்ப பாஸுதான். போய்ப் படு.”

படுத்தேன். சாப்பிட எழுப்பினார்களாம், எனக்குத் தெரியாது.